என்ன குறை

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில்
எடை போடுபவள் நான்.
நல்ல கூடு, மெல்லிய கூடு, கறைக்கூடு.
இரண்டு புழு சேர்ந்து கட்டியது இரட்டைக்கூடு:
நூல் சிக்கும், விலை போகாது,
தனியே பொறுக்கிப் போடுவோம்.

விஷயம் தெரிந்த சந்திரமதி ஒருநாள்
அதில் ஒன்றை உருட்டியபடி
"உன் வீட்டுக் கதை" என்றாள்.
இல்லை என்றேன்.
இந்தப் புழுக்கள் ஒன்றையொன்று
கேட்டுக்கொண்டா உள்ளே போயின?

நாங்கள் கேட்டோம்.
நான்கு ரோடு பேக்கரியில்
டீ ஆடை கட்டும்வரை பேசினோம்,
நான், மாதப்பன், பாலக்கோட்டு ரூபாவதி.
முதலில் பேச்செடுத்தவள் நான்
என்பதை என் அக்கா நம்பமாட்டாள்.
அப்போது எனக்கும் ஒருவர் இருந்தார், ஓசூரில்.
வேலை மாறிப் போனார். சண்டையில்லை.

தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்:
"உங்கிட்ட என்ன கொறை?"
சுகர் இல்லை. படுத்தால் தூக்கம் வருகிறது.
களி இரண்டு உருண்டை இறங்குகிறது.
கேட்டவர்களுக்கு
இது பதிலாகப் படுவதில்லை.

பொய் சொல்லவில்லை,
ஒரு சனிக்கிழமை இரவு
மழை, கரண்ட் இல்லை,
அவன் பாலக்கோட்டில்.
கண்ணாடிமுன் டார்ச்சைப் பிடித்து
ஏலக்காரன் கூடையைக் கிளறுவதுபோல்
என்னைப் பார்த்தேன்.
வயிறு, கழி. நரை, கழி.
முன்பல்.
தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

ஞாயிறு வந்ததும் சொன்னேன்.
"நீதான் அழகு" என்று ஆரம்பித்தான்,
நிறுத்திக்கொண்டான்.
"சனிக்கிழமையை மாத்தட்டுமா?"
வேண்டாம்,
போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு என்றேன்.
போடுகிறான்.
சில சனிக்கிழமைகளில் அது போதும்.
சிலவற்றில் போதாது,
சந்திரமதியோடு ரெண்டாம் ஆட்டம் போவேன்.

தைக்கு ரூபாவதி எனக்கு ரவிக்கை தைத்தாள்.
டேப்பின் நுனியைப் பல்லில் கவ்வி
"இடது தோள் கால் இஞ்சு ஏறியிருக்கு,
கூடை தூக்கித் தூக்கியா?" என்றாள்.
பதினோரு வருஷம் என்றேன்.
மாதப்பன் இதைக் கண்டதில்லை.
நானும்.
நிமிர்ந்து நில் என்று சொல்லவில்லை அவள்.
துணியை அந்தத் தோளுக்கு வெட்டினாள்.

இன்று அதைத்தான் போட்டிருக்கிறேன்.
பென்னாகரத்துக்காரர் ஒருவர் சம்சாரம்
"யாரு தச்சது? எடுப்பா நிக்குது" என்றாள்.
ரூபாவதி என்றேன்.
"ஒறவா?"
ஆமாம் என்றேன், தயங்காமல்.
எனக்கே ஆச்சரியம்.
அதற்குள் அவள் கூடை தட்டில் ஏறிவிட்டது.
நாற்பத்திரண்டு கிலோ முன்னூறு.
கூடையின் எடை கழித்து
எழுதினேன்.