முகத்துவாரம்

இரவு இரண்டே கால். மின்வெட்டு.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிப்
பிறகு பிடித்துக்கொள்கிறது.
படுக்கை பதினொன்றில் சொக்கலிங்கம் மூட்லி,
பதிவேட்டில் சாக்கலிங்கம்.
டர்பன் கரையில் மத்திக்கு நாற்பது ஆண்டு
கரைவலை இழுத்த தோள்கள்
மூன்று தலையணைமேல் சாய்ந்திருக்கின்றன.
கணுக்காலை அழுத்தினேன்.
கட்டைவிரலை எடுத்த பிறகும்
குழி அங்கேயே இருந்தது.

கிரியாட்டினின் நேற்று நூற்றறுபது,
இன்று இருநூற்றுப்பத்து.
தாளின் ஓரத்தில் பகல் பணியின் கிறுக்கல்:
கிட்னி வறண்டிருக்கலாம். லாசிக்ஸ் நிறுத்து.
சலைன் யோசிக்கவும்.

யோசிக்கிறேன்.
வறட்சியா? இந்தக் காலிலா?

ஜெல் பட்டதும் சிலிர்க்கிறார்.
"ஜூலைக் கடலே தேவலை, டாக்டர்."
முதலில் பெருஞ்சிரை:
மூச்சிழுத்தால் சுருங்க வேண்டியது
இரண்டரை சென்டிமீட்டர் கறுப்பாய்
அசையாமல் கிடக்கிறது.
கல்லீரல் சிரையில் அலை
வந்த வழியே திரும்புகிறது.
போர்ட்டல் சிரை துடிக்கிறது.
அது துடிக்கக் கூடாது.

நொம்ஃபுண்டோ அவரை ஒருக்களித்துப் பிடிக்கிறாள்.
மூச்சை அடக்குங்க என்கிறேன்;
அடக்க அவரிடம் மூச்சு ஏது.
நாலாவது முயற்சியில் சிறுநீரகம்:
கோட்டுக்கு மேலே தமனியின் முட்கள்.
கீழே, ஓயாமல் ஓட வேண்டிய சிரை
துடிப்புக்கு ஒரு மேடு.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு ஒரு மேடு.

"என்ன தெரியுது?"
தண்ணி வடியாமப் பின்னால தேங்குது,
கிட்னி அதுல மூழ்குது என்றேன்.
சிரிக்கப் பார்த்து இருமினார்.
"டொங்காட் ஆத்து வாயை மணல் மூடினா அப்படித்தான்.
மேல கரும்பு அழுகும்.
வெட்டி விடணும். கடல் வத்துற நேரம் பார்த்து.
அகலமா வெட்டிட்டா
ஒரே ராத்திரியில வத்தி
மீனெல்லாம் செத்துக் கிடக்கும்."

லாசிக்ஸை நிறுத்தவில்லை. இரட்டிப்பாக்கினேன்.
கையெழுத்தில் பேனா கொஞ்சம் நின்றது
அந்த மீன்களுக்காக.

ஐந்தரைக்குப் பையில் எண்ணூறு மில்லி.
ஆறு மணி ரத்தத்தில்
கிரியாட்டினின் இருநூற்றுப் பதினான்கு.
ஏறிய நாலைத்தான் பகல் ஆட்கள் முதலில் பார்ப்பார்கள்.
படத்தை அச்செடுத்துத் தாளோடு பின் குத்துகிறேன்.

அவர் இரண்டு தலையணையில் தூங்குகிறார்.
மூன்றாவதை உருவி
நொம்ஃபுண்டோ
பன்னிரண்டாம் படுக்கைக்குக் கொடுத்துவிட்டாள்.