காலில் இல்லாத புண்

மஹ்பூலா, ஐந்தாம் மாடி.
நான்கு கட்டில், ஒரு ஏசி.
என் கட்டிலுக்கு அடியில்
பத்து லிட்டர் தண்ணீர் கேனில்
மூன்று அன்னாசி.

பழம் கொண்டுவந்தது புகாரி.
ஷுவைக் சந்தையில் கணக்கெழுதுகிறான்;
அடி கசிந்த பெட்டிகளை அங்கே
மாலையில் சும்மா தள்ளிவிடுவார்கள்.
"ஜூஸுக்குத்தானே?" என்றான்.
"ஜூஸுக்குத்தான்."
"ஜூஸ்னா ரெண்டு நாள்ல குடிச்சு முடிச்சிரணும்ணே"
என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கண் தோண்டியவர் பனிமயம்.
இத்தனை கண் வைத்துக்கொண்டு
இது எதைப் பார்த்தது என்று திட்டிக்கொண்டே
பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக.
சீனி இரண்டு கிலோ. கிராம்பு எட்டு.
ஒரு கை கோதுமை,
எதற்கென்று அவருக்கும் தெரியாது.
ரொட்டிக்கடை பெங்காலி
ரசீதில் மடித்துத் தந்த ஈஸ்ட்.
கேன் வாயில் பலூன், பலூனில் ஊசித்துளை,
துளைக்குப் பக்கத்தில்
சூப்பர் மார்க்கெட்டின் ஐம்பது சதவீதத் தள்ளுபடி.

முதல்நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவு
கட்டிலுக்கடியில் யாரோ
வாய்க்குள்ளேயே பேசுவதுபோல்.
டார்ச் அடித்தால்
தள்ளுபடி எழுந்து நிற்கிறது,
பலகையை முட்டிக்கொண்டு.

பகலில் என் வேலை வாயு பார்ப்பது.
தொட்டிக்குள் ஆள் இறங்குமுன்
குழாயை விட்டு, எண் படித்து,
உள்ளே போகலாம் என்று கையெழுத்திடுவேன்.
மார்பில் தொங்கும் மஞ்சள் பெட்டி
பத்தைத் தொட்டால் அலறும்.
ஐந்தாம் நாள் மறந்துபோய்
அதை மாட்டிக்கொண்டே அறைக்கு வந்துவிட்டேன்.
கேனருகில் வைத்துப் பார்த்தேன்.
சுழியம்.
ஆபத்தில்லை என்றது பெட்டி.
பெட்டிக்குக் குவைத் சட்டம் தெரியாது.

ஒன்பதாம் நாள் ஏசி ஒழுகியது.
ஹாரிஸ் வந்தார், ஏணியோடு.
மூன்றாம் படியில் நின்று
மூக்கைச் சுருக்கினார்.
பனிமயம் செபமாலையைத் தேடுவதுபோல்
தலையணைக்கடியில் கைவிட்டார், வெளியே எடுக்கவேயில்லை.
புகாரி அரபியில் நாலு வார்த்தை சொன்னான்.
ஹாரிஸ் என்னை இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"என்னடா சொன்னே?"
"உங்க கால்ல புண்ணுண்ணே.
பூட்ஸுக்குள்ளேயே அழுகுதுன்னேன்."

மறுநாள் ஹாரிஸ் களிம்பு கொண்டுவந்தார்.
அவர் ஊரில், சோஹாக்கில், மாட்டுக்கும் இதுதானாம்.
அவர் போகும்வரை
புண்ணில்லாத காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தேன்.
அன்றிலிருந்து படிக்கட்டில்
அவர் இருக்கும் தளம் வந்தால் நொண்டுவேன்.
ஒருநாள் கால் மாறிவிட்டது.
அவர் கவனித்தாரா தெரியவில்லை.

பதினாலாம் நாள் பனிமயத்துக்கு டிக்கெட்.
கம்பெனி ஒப்பந்தம் முடிந்தது,
பதினேழு வருடம் ஒரு அட்டைப்பெட்டி, ஒரு ட்ராலி.
"ஒரு மடக்கு பார்த்துட்டுப் போங்க" என்றேன்.
தரையில் படுத்து
கேனில் காதை வைத்தார், வெகுநேரம்.
"இன்னும் பேசுது. தொடாத."
சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டவில்லை.
பெட்டியை ஹாரிஸ்தான் தூக்கினார்,
என்னைத் தூக்கவிடவில்லை, காலைக் காட்டி.

டிசம்பர் இருபத்துநாலு.
பேச்சு நின்றிருந்தது. பலூன் சாய்ந்து கிடந்தது.
பனிமயம் விட்டுப்போன வேட்டியின் நுனியில் வடிகட்டினேன்.
மஞ்சளுமில்லை, வெள்ளையுமில்லை,
கழுவிய வெயில் மாதிரி ஒன்று.
முதலில் புளிப்பு, அப்புறம் கிராம்பு,
அதற்கும் அப்புறம், எங்கோ பின்னால்,
பழம்.
அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை,
அங்கே கோயிலில் மணி அடித்துக்கொண்டிருக்கும்.

புகாரிக்கு ஒரு முழு அன்னாசி வாங்கி வைத்திருந்தேன்,
கசியாதது, காசு கொடுத்து.
"இது நிஜமா ஜூஸுக்கு" என்றேன்.
வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி
பாதியை என் தட்டில் தள்ளினான்.

கதவு தட்டும் சத்தம்.
டம்ளரைக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.
ஹாரிஸ். கையில் இரண்டாவது களிம்பு டப்பா.
"கால் எப்படி?"
குணமாகிவிட்டது என்பதற்கு
அரபியில் எனக்கு வார்த்தை தெரியும்.

நொண்டிக்கொண்டே போய்
வாங்கிக்கொண்டேன்.