தோன்றா எழுவாய்

விர்ட்சு துறையில் அன்றைய கடைசிப் படகில்
ஓர் இடம் இருமுறை விற்கப்பட்டிருந்தது.
இரண்டாவதாக வந்த கார்
கால்நடை மருத்துவர் ஹெல்வேயுடையது.
அக்கரையில், முஹு தீவில், ஒரு பசு;
கன்று பின்னங்கால் முதலில் வந்துகொண்டிருந்தது.
வாயிலில் நின்றவர் கையை விரித்தார்.
படகு போயிற்று.

இதெல்லாம் புகாரில் இல்லை.
புகார் பதினொரு வரி நிரல்,
கீழே யாகுப் எழுதிய இரண்டு வாக்கியம்:
வேகக் கொடியை ஏற்றினால் விழுகிறது.
இடையில் எதையாவது அச்சிடச் சொன்னால் விழுவதில்லை.
பசுவைப் பற்றித் தொலைபேசியில்தான் சொன்னான்,
பேச்சோடு பேச்சாக,
தப்பு தன்னுடையதல்ல என்று நிறுவ.

தார்த்து நகரம், பிப்ரவரி.
ஆற்றுக்கு எமயோகி என்று பெயர்.
தாயாறு என்று பொருளாம்,
நம் காதில் வேறு மாதிரி விழுகிறது.
அதன் மேல் பனி இறுகிக் கிடக்க
மூன்றாம் மாடியில் உர்வே
கம்பைலரின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறாள்.
வெப்பக் குழாயின் மேல் அவளுடைய கையுறைகள்
நாய்க்குட்டி வாசத்தோடு காய்கின்றன.

கோரூட்டீனை நம் இலக்கணத்தில் வைத்தால்
வினையெச்சம் என்பேன்.
எழுந்து.
எழுந்து என்ன செய்தான்?
பதில் பிறகு வரும்.
முற்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையில்
பாதி திறந்த வாயோடு உறங்கும் சொல்.
லாம்ப்டா, பெயர் வைக்காத பிள்ளை.
பிறந்த இடத்தில் கைக்கு அகப்பட்டதை
மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.
அந்தப் பிள்ளையே நடுவழியில் உறங்கிவிட்டால்
மூட்டை யார் பொறுப்பு?

இது பழைய கதை என்றுதான் அவளும் நினைத்தாள்.
லாம்ப்டா செத்திருக்கும்,
எச்சம் விழித்து எழுவாயைத் தேடியிருக்கும்,
எழுதியவன் பிழை, கம்பைலர் பிழையல்ல.
‘செல்லாது’ என்று தட்டச்சிட்டாள்.
அனுப்பும் விசைமேல் விரல் இருந்தது.

ஆனால் பதிவில் சாவு இரண்டு.
ஒரே முகவரி, ஒரே சீட்டு,
இருமுறை அழிந்திருக்கிறது.
சீட்டு அழிந்தால் படகில் ஓர் இடம் காலியாகும்,
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.
செத்தவனைத் தேடுவது வேறு,
செத்தவனை இன்னொரு முறை எரிப்பது வேறு.
‘செல்லாது’வை அழித்தாள்,
எழுத்து எழுத்தாக.

மூன்று இரவு.
ரொட்டி, உப்பு மீன், ஆறிய காப்பி.
அச்சு வரி சேர்த்தபோது ஏன் பிழைத்தது என்பதற்கு
இரண்டாம் இரவில் ஒரு விளக்கம் கிடைத்து
விடிவதற்குள் பொய்த்தது.
மூன்றாம் இரவு, நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில்,
யாரோ என்றோ நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு சுழல்.
உறங்கப் போகிறவன் மூட்டையை
அது சட்டகத்துக்குள் நகலெடுத்து வைக்கிறது,
பத்திரமாக.
பழைய மூட்டையிடம் ‘இனி நீ உடையவன் இல்லை’ என்று
சொல்ல மறந்திருக்கிறது.
ஒரு சீட்டு, இரண்டு உடையவர்கள்.
இருவரும் கடமை தவறாதவர்கள்.

யாரோ என்றோ என்றேன்.
வரலாற்றைப் புரட்டினால் பெயர் வருகிறது:
உர்வே, ஆறு வருடத்துக்கு முன்.

சிரித்தாளா என்று தெரியாது,
அறையில் வேறு யாருமில்லை.
நான்கு வரி நீக்கி இரண்டு வரி சேர்த்தாள்.
யாகுப்பின் பதினொரு வரியைச் சோதனைகளில் வைத்தாள்.
இனி ஒவ்வொரு இரவும் ஏதோ ஒரு நாட்டில்
ஏதோ ஒரு பொறி அதை ஓட்டிச் சாவுகளை எண்ணும்,
ஒன்று வந்தால் பச்சை.
மாற்றத்தைப் பார்த்த போர்த்தோக்காரர்
ஓரிடத்தில் இடைவெளி கூடுதல் என்று மட்டும் எழுதினார்.

கன்று என்ன ஆயிற்று என்று யாகுப்பைக் கேட்க
மின்னஞ்சலைத் திறந்து,
இரண்டு சொல் எழுதி,
கையுறை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து