இரைச்சல் குறைவான நேரம்

ஏகாம்பரகுப்பத்தில் ஒன்பதாவது மாதம்.
லோகித்துக்கு வயது இரண்டு அரைப்புள்ளி ஏழு.
எங்கள் துறையில் அப்படித்தான் எழுதுவோம்,
வருஷத்துக்கும் மாசத்துக்கும் நடுவில்
பிள்ளை கொஞ்சம் மூச்சு வாங்குவதுபோல.

அவன் சட்டைப் பையில் தைத்த கருவி
நாலு மணிநேரம் கேட்கிறது.
நாலு விசைத்தறி.
தடக்கு தடக்கு தடக்கு
அதன் நடுவே எங்கோ ஒரு குழந்தை.

விடுதி அறையில் ஹெட்போனை அழுத்திப் பிடித்து
பன்னிரண்டு நொடியை நாற்பது முறை ஓட்டுவேன்.
"மா."
அம்மாவா, மாமாவா,
தெலுங்கில் எங்கள் என்கிற மா-வா?
புரியாத சொல்லுக்கு மூன்று பெருக்கல் குறி போடவேண்டும்.
அந்த மாதப் பக்கமெல்லாம் பெருக்கல்.
விடை ஒன்றும் வரவில்லை.

மின்சாரம் போன ஒரு மத்தியானம்தான்
முதன்முதலாக அவனைக் கேட்டேன்.
தறிகள் நின்றன. பல்லி கத்தியது.
"கரெண்டு லேது" என்றான்.
பிறகு என் முகத்தைப் பார்த்து, திருத்தி,
"கரெண்டு இல்லேது."

இல்லேது!
நோட்டில் மூன்று கோடு இழுத்தேன்.
குணவதி பாவின்மேல் கைவைத்து நின்றாள்.
"ரெண்டு பீஸ் போச்சு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.
அதுவும் பதிவாகியிருக்கிறது, தெளிவாக.

அப்புறம் லைன்மேன் எண்ணை வாங்கிக்கொண்டேன்.
என்றைக்கு, எத்தனை மணிக்கு.
அதற்குத் தக்கபடி நகரி பஸ் பிடித்தேன்.
குணவதிக்குத் தெரிந்துபோனது.
வாசலில் என் செருப்பைக் கண்டதுமே,
"வந்துட்டியா தாயே, இன்னிக்கும் போவப்போவுதா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்பாள்.
டீயும் வரும்.

இரண்டு அரைப்புள்ளி பதினொன்றில் பன்மைச் சோதனை.
உலகத்தில் இல்லாத பிராணி, நானே வரைந்தது.
இது ஒரு டோபு. இப்போ ரெண்டு இருக்கு. ரெண்டு...?
டோபுங்க என்பானா, டோபுலு என்பானா,
பேனாவை நிமிர்த்திக் காத்திருந்தேன்.
"ஒண்ணு டோபு.
இன்னொண்ணு அதோட தங்கச்சி."
தாளில் சரி, தவறு, பதிலில்லை என்று மூன்று கட்டம்.
தங்கச்சியை விளிம்பில் உட்காரவைத்தேன்.

தெளிவான பதிவு முப்பத்தொரு மணிநேரம்.
நெறிமுறைப் படிவத்தில்
பங்கேற்பவர்க்கு இழப்பு ஏதும் உண்டா என்ற இடத்தில்
முதல் வருஷமே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.
ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு வரி:
பதிவுகள் இரைச்சல் குறைவான நேரங்களில் செய்யப்பட்டன.

கடைசிக் கோப்பு. நாற்பத்தாறாம் நிமிடம்.
"கரெண்டு வந்திந்தி!" என்று கத்துகிறான்.
குணவதி ஓடுகிற கொலுசு.
ஒரு தறி, இரண்டு, நாலு.
அதற்குள் அவன் கருவிக்குக் குனிந்து
வாயை ஒட்டவைத்து
நீளமாக என்னவோ சொல்கிறான்,
என் பெயர்கூட இருக்கலாம்.
நாற்பது முறை ஓட்டிவிட்டேன்.
×××