டெமோ பீஸ்

செக்காலை ரோட்டுக் கடையில்
ஏழு மாதமாய் ஒரே ஒரு பெட்டிதான் பிரித்திருக்கிறது.
போட்டுப் பார்ப்பார்கள்.
மூக்கு சுடுது என்பார் ஒருவர்.
பவர் கண்ணாடிக்காரர்
இதை எதன்மேல் மாட்டுவது என்பார்.
விலையைச் சொன்னதும்
கண்ணாடி இல்லாமலே எல்லோருக்கும்
பூதம் தெரிந்துவிடும்.

கம்பெனிக்காரன் கேட்டான்:
காரைக்குடி மார்க்கெட் எப்படி, உமையாள்?
எழுதி அனுப்பினேன்:
பார்க்கிறவர்கள் அதிகம்.

சாத்தையா மட்டும் விலை கேட்கவில்லை,
வாடகை கேட்டான்.
கானாடுகாத்தானில் பூட்டிய வீட்டுக்குக் காவல்.
எண்பதடிக் கூடம், ஒரு நாற்காலிகூடக் கிடையாது.
மணிக்கு முப்பது ரூபாய், வரிசையில் பையன்கள்.

முதல் நாள் சரிப்படவில்லை.
ஆத்தங்குடிக் கல்லில் ஒரே பூ
திரும்பத் திரும்ப வர,
தரை எதுவென்று கண்ணாடி குழம்பிப்போய்
அரக்கர்கள் முழங்கால்வரை புதைந்து நின்றார்கள்.
பளபளத்த சுவருக்குள் இரண்டு பேர்
அப்படியே போய்விட்டார்கள்.
நெல் காயப்போடும் படுதாவை விரித்தான் சாத்தையா.
மேலே ஏறி வந்தார்கள்.

நேற்று பெட்டியைத் திரும்ப வாங்கப் போனபோது
பினாங்கிலிருந்து போன்.
கேமராவில் வீட்டைப் பார்த்த முதலாளி:
"ஆறு பயலுக என் வளவுல
காத்த வெட்டிக்கிட்டு நிக்கிறானுக,
என்னடா நடக்குது?"

சாத்தையா போனை என்னிடம் நீட்டினான்.
வாய் தானாகத் திறந்தது:
"மாதத் தவணை இருக்குங்க ஐயா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
"இங்கேருந்தே அந்த வளவுல ஆடலாமா?"

அடுத்த மாடலில் வரும் என்றேன்.
வருமா,
தெரியாது.