ஒரு நெளிகோடு

கெண்ட் நகரத்தின் சிறிய தேவாலயம்.
நவம்பர்.
இருப்பது ஒரே கணப்பு,
அதுவும் ஓபோக்காரர்கள் பக்கம்.

முதல் நாளே அலெவைன் சொல்லிவிட்டார்:
"இடது கை சும்மா இருக்கட்டும்."

சும்மா இருந்தறியாத கை.
பதினாறு வயதில்
மாத்திரைப் புட்டியில் அரிசி போட்டுக்
குலுக்கிக் குலுக்கிப் பழக்கிய மணிக்கட்டு.
தூக்கத்திலும் தலையணையை ஆட்டும் என்று
பழைய காதலன் ஒருவன் புகார் சொன்ன கை.

எஃகுக் கம்பி போய் இப்போது
ஆட்டுக்குடல் திரித்த நரம்பு.
ஈரக்காற்றுக்கு ஒரு சுருதி, கணப்புக்கு ஒரு சுருதி.
அதன்மேல் விரலை வைத்து
வெறுமே வைத்திருப்பது
சட்டையில்லாமல் டிராமுக்கு நிற்பது போல.
ஒரு நரம்பை அசைக்காமலிருக்க
எத்தனை நரம்பை முறுக்க வேண்டியிருக்கிறது.

இடைவேளையில், காபியோடு, சண்டை.
செத்து இருநூற்றைம்பது வருஷமான
வயலின் வாத்தியார்கள் இருவர்
அலெவைனின் கைபேசியில் அடித்துக்கொண்டார்கள்.
எப்போதும் ஆட்டு, என்றார் ஒருவர்.
எப்போதாவது, என்றார் மற்றவர்.
கேம்பா வாசிக்கும் கோடெலீவ்
எந்தக் கட்சியிலும் சேராமல்
பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

ரெய்னியர் மட்டும்
மரப்புல்லாங்குழலை எடுத்தான்.
மூச்சை அசைக்கவில்லை.
துளையின் விளிம்பில் ஒரு விரல்
பட்டும் படாமலும்.
நீர்ப்பூச்சி கடந்த குளமானது ஸ்வரம்.
பிறகு வெறும் குளம்.

அலெவைன் பென்சிலைத் தேடி எடுத்து
என் தாளில் ஒரு நெளிகோடு கிழித்தார்,
நாற்பத்தொன்றாவது கட்டத்தில்,
நீண்ட ஒரு ஸ்வரத்தின் தலைமேல்.
"இங்கே உனக்கு அனுமதி."

அனுமதி!

அன்று இரவு கச்சேரி.
நாற்பது கட்டம் வரை சேமிப்பேன்
என்றுதான் உட்கார்ந்தேன்.
ஏழாவது கட்டத்திலேயே கேட்டுவிட்டது:
என் மூன்றாம் விரல்
மயிரிழை கீழே விழுகிறது.
இன்றைக்கு மட்டுமல்ல.
எத்தனை வருஷமாகவோ.
ஆட்டி ஆட்டி
அதைச் சரியென்று நம்பவைத்திருக்கிறேன்,
கூட்டத்தை, மேடையை,
முக்கியமாக என்னை.

விரலை மேலே நகர்த்தினேன். அதிகம்.
கொஞ்சம் கீழே.
அங்கே ஓர் இடம் இருந்தது.
பக்கத்து நரம்பு தானாக முனகியது.
மறுபடி அந்த இடத்துக்குப் போனேன். மறுபடி.

நிமிர்ந்தபோது நாற்பத்துமூன்று.
அலெவைனின் ஒரு புருவம்
மேலே போய் அங்கேயே நின்றிருந்தது.

வீட்டுக்கு நாலாம் எண் டிராம்.
உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்திருந்தேன்.
தண்டவாளம் கையை ஆட்டிக்கொண்டே வந்தது.
நான் எதுவும் செய்யவில்லை.

பென்சில் கோட்டை அழிக்கவில்லை.
வியாழக்கிழமை ஆன்ட்வெர்ப்.