ஆவுடையில் ஒரு தவளை

கோயிலுக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால்
டயர் காற்றிறங்கிப் போனது.
பல்குன் சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பிறகு வெகுநேரம் வானத்தைப் பார்த்தான்.

பங்குனியில் பிறந்தவனாம், பெயரும் அதுவே.
பஞ்சர் கடைக்காரி டியூபை வாளியில் அமுக்கி
குமிழி தேடிக்கொண்டிருக்க
விரல்விட்டு மாதங்கள் சொன்னான்:
சேத், பிசாக், மியாக்.
எனக்குத் தெரிந்தவைதாம்,
முன்பல் விழுந்திருந்தன.

சம்போர் ப்ரெய் குக்.
காட்டுக்குள் செங்கல் கோபுரங்கள்.
வேர் கோபுரத்தைத் தாங்குகிறதா
கோபுரம் வேரையா
என்று நானும் கேட்கப் போவதில்லை.
சுவரில் செதுக்கிய பறக்கும் மாளிகையில்
சன்னல்தோறும் ஒரு முகம்.
மூக்கு மட்டும் எல்லோருக்கும் போய்விட்டது.

உள்ளே வௌவால் எச்ச நெடி.
கூரை பிளந்த இடத்தில் ஒரு கையகல வானம்.
லிங்கம் இல்லாத ஆவுடையில் பழைய மழை,
அதில் கழுத்தளவு அமிழ்ந்து ஒரு தவளை.
கும்பிடலாமா என்று
கை தன்பாட்டுக்கு யோசித்தது.
தவளை இமைத்தது.
வெளியே வந்துவிட்டேன்.

மதிலை ஒட்டி வட்டமாக ஒரு நீர்நிலை,
அல்லி பூத்து, கரை சரிந்து.
படித்துறையைத் தேடினேன். இல்லை.
அப்பால் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று.
"எந்த ராஜா வெட்டிய குளம்?"
பல்குன் ஊஞ்சல் துணியில் படுத்தபடியே
ஒரு சொல் சொன்னான்:
"அமெரிக்கா."
கொஞ்சம் கழித்து,
"வாத்துக்கு நல்லது."

திரும்பும் வழியெல்லாம் அவன்
பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினான்.

கொம்பொங் தோம் வந்தபோது
சென் ஆற்றில் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது.
பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன மாளிகையருகே
மகோகனி மரங்கள் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள்,
ஊரே குடை மடித்து மாட்டியதுபோல.
பாதித் தெருவை அடைத்து
ரோஜா நிறக் கல்யாணப் பந்தல்.
பேசிய பத்து டாலரை
நாலாக மடித்துக் கொடுத்தேன்.
வண்டியைப் போட்டுவிட்டு ஒரு சந்தில் மறைந்தவன்
இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.
மாப்பிள்ளை இவனோடு படித்தவனாம்.
காலையில் வானத்தில் பார்த்தது மழையை அல்ல,
மணியை.

வாசலில் உறை வாங்குகிற மேசை.
என் மடிப்புக் கலையாமல் அந்த நோட்டை
உறைக்குள் நழுவவிட்டு
பெயரெழுதி நீட்டினான்.
பிறகு என்னையும் கையைப் பிடித்து இழுத்தான்.

பீரில் ஐஸ் கட்டி மிதந்தது.
ஒலிபெருக்கி காதைக் கிழித்தது.
தலைக்கு மேலே வௌவால்கள்
கூட்டங்கூட்டமாய்க் கிளம்பிப் போயின.
மீன் குழம்பு வந்துகொண்டிருந்தது,
யாரும் நிமிரவில்லை.